கடலுக்கடியில ஒரு கோட்டை: அட்டை இல்லாத காமிக்ஸைக் கண்டுபிடிச்சு தைச்ச கதை

நான் தேடின புக்கோட பேரு எனக்குத் தெரியாது. ஹீரோ பேரும் தெரியாது, யாரு போட்டாங்கன்னும் தெரியாது. ஞாபகத்துல இருந்தது மூணே விஷயம்தான். கடலுக்கடியில ஒரு கோட்டை, அதோட வாசக்கதவுல வாயைப் பொளந்துட்டு இருக்கற ஒரு மீன் மூஞ்சி, அப்புறம் பக்கம் பூரா நீலம். அந்த நீலத்துல எனக்குத் துளி சந்தேகம் இருந்ததில்ல. மாமாவோட ட்ரங்க் பெட்டியில சணல் போட்டுக் கட்டி வெச்சிருந்த கட்டுல அது ஒண்ணு, நானும் அக்காவும் குப்புறப் படுத்துகிட்டு எத்தனை தடவை படிச்சிருப்போம்னு கணக்கே கிடையாது, 1982, 83 வாக்குல இருக்கும். அப்புறம் ஒரு மழைக்காலத்துல பரண் ஒழுகி பெட்டிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு, யாரும் ஏறிப் பாக்கல, கரையான் ஏறி மொத்தக் கட்டும் மண்ணாப் போச்சு. பெட்டியைத் திறந்தப்போ மாமா ஒரு வார்த்தை பேசல, மூடியை மூடிட்டு இறங்கிப் போயிட்டாரு.

ரெண்டு வருஷம் தேடி ஒரு பிரதி கிடைச்சுது. மூணு மாசமா அதை உக்காந்து சரி பண்ணிட்டு இருக்கேன். எங்க தேடினேன், எப்படி இதுதான் அதுன்னு முடிவு பண்ணேன், எதை ஒட்டினேன், எதைக் கெடுத்தேன் எல்லாத்தையும் எழுதி வெச்சிடறேன், இதே மாதிரி பேரு தெரியாத புக்கைத் தேடிட்டு இருக்கறவங்க நிறைய பேரு இருப்பீங்க.

முதல் ஒரு வருஷம் தேடின விதமே தப்பு. பழைய புக்கு விக்கறவங்க, சேகரிக்கறவங்க, யாரைப் பாத்தாலும் "கலர் காமிக்ஸ், கடலுக்கடியில கோட்டை வரும்"னு தான் ஆரம்பிப்பேன். கலர்னு சொன்ன உடனே அவங்க தேடற அடுக்கே மாறிடும். அந்தக் காலத்துத் தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் உள்ள கருப்பு வெள்ளை தான், அம்புலிமாமால வண்ணப்படம் இருந்துச்சு ஆனா அது கதையும் படமுமா வந்த பத்திரிகை, கட்டம் கட்டமா ஓடற காமிக்ஸ் இல்ல. அதனால எனக்குக் காட்டினதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த புக்குங்க. எதுலயும் அந்த மீன் மூஞ்சி இல்ல.

நூலகப் பக்கமும் போய்ப் பாத்தேன். பத்திரிகை, சிறுவர் இதழ், பழைய பாடப்புத்தகம் தேடறவங்க மொதல்ல போக வேண்டிய இடம் சென்னையில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தான். கோட்டையூர்ல இருந்த ரோஜா முத்தையா செட்டியார்ங்கற ஒரு தனி மனுஷன் வாழ்நாள் பூரா சேத்து வெச்ச புத்தகத்தை அடிப்படையா வெச்சு 1994-ல ஆரம்பிச்சது. அவரு போர்டு எழுதற ஓவியர். ஒத்த ஆளு வீட்டுக்குள்ள அவ்வளவையும் காப்பாத்தி வெச்சிருந்தாருங்கறதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணும். கன்னிமாரா நூலகம் இருக்கு, 1954-ல வந்த சட்டப்படி பதிப்பாளருங்க பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்கள்ல அதுவும் ஒண்ணு. வீட்டுல இருந்தே பாக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ஈழத்துப் புத்தகம் பத்திரிகைன்னா நூலகம் திட்டம். ஆனா இங்கெல்லாம் தேடறதுக்கு ஒரு பேரோ வருஷமோ கையில வேணும், "மீன் மூஞ்சிக் கதவு"ன்னு கேட்டலாக்ல போட்டுத் தேட முடியாது இல்லையா.

திருப்பம் வந்தது ஒரு பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையில. பழைய புக்கு வியாபாரத்துலயே தலை நரைச்சவரு, நான் சொல்றதை எல்லாம் கேட்டுட்டு, "அட்டை இருக்கறதைத்தானே எல்லாரும் காட்டுவாங்க தம்பி, அட்டை போனதைக் கேட்டுப் பாருங்க"ன்னாரு. அட்டை இல்லாத காமிக்ஸுக்கு சேகரிக்கறவங்ககிட்ட மதிப்பு கிடையாது, அதை எல்லாம் தனியாக் கட்டி மூலையில போட்டு வெச்சிருப்பாங்க, கேட்டாத்தான் எடுப்பாங்க. இனிமே யாரு தேடினாலும் நான் சொல்ற முதல் யோசனை இதுதான், அட்டை இல்லாத கட்டைக் கேளுங்க.

அப்படி நாலாவதோ அஞ்சாவதோ கட்டைப் பிரிச்சப்போ அது வந்துச்சு. முதல் தாள் இல்ல, முதுகு பூரா மஞ்சளாப் போன செல்லோ டேப்பு, நடுவுல ரெண்டு பின்னும் துருப்பிடிச்சு சுத்தி காப்பிக் கறை மாதிரி பரவியிருந்துச்சு. பக்கம் 23-ல அந்தக் கதவு. மீனோட மேல் உதட்டுல மூணு பல்லு, கீழ ரெண்டு, வலது கண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு. டார்ச்சைப் பிடிச்சுட்டு ஒருத்தன் முதுகைக் காட்டி மிதக்கறான், அவன் விடற மூச்சு குமிழி குமிழியா மேல போய் கட்டத்தோட கோட்டைத் தாண்டி மேல இருக்கற கட்டத்துக்குள்ள நுழையுது. அந்தக் குமிழியை சின்ன வயசுல விரலால தொட்டுத் தொட்டு எண்ணினது எனக்கு ஞாபகம் வந்துச்சு. பதினொண்ணு. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு தான்.

ஆனா நீலம் இல்ல. சுத்தமா கருப்பு வெள்ளை. நான் என்ன பண்ணேன், இது வேற பதிப்பு போல, மறுபதிப்பு போல, நம்மளுது கலர்ல வந்ததாச்சேன்னு வாங்கி ஓரமா வெச்சுட்டு கலர் பதிப்பைத் தேடி இன்னும் ஆறு மாசம் அலைஞ்சேன். கடைசியில ஒரு நாள் அக்காகிட்ட போன்ல பேசும்போது இதைச் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னா, "டேய், நீலம் அடிச்சது நான்டா. மாமாவோட கலர் பென்சில்ல அடிச்சேன், நீலம் தீர்ந்து போச்சு, அப்புறம் கடைசிப் பக்கத்துக்கெல்லாம் பச்சை அடிச்சேன், உனக்கு ஞாபகமில்ல?" எனக்கு ஞாபகம் இருந்துச்சு. கோட்டைக்குள்ள போகப் போக தண்ணி பச்சையாகும்னு தான் இத்தனை வருஷமா நினைச்சிட்டு இருந்தேன், அது கதையில வர்ற ஒரு மர்மம்னே நம்பிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம்தான் ஞாபகத்தை நம்பறதை விட்டுட்டு தாளை நம்ப ஆரம்பிச்சேன். அட்டை இல்லாத, தேதி இல்லாத ஒரு தமிழ் புக்கோட வயசைக் கணிக்கறதுக்கு உள்ளயே நிறைய தடயம் இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

முதல்ல எழுத்து. 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு, பெரியார் 1935-லயே தன்னோட குடி அரசுல புழங்க ஆரம்பிச்ச வடிவத்தைத் தழுவினது அது. அதுக்கு முன்னாடி ணை லை ளை னை நாலும் இப்ப மாதிரி இல்ல, எழுத்துக்கு மேல துதிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு வரும். ணா றா னாவுக்கு தனியாக் கால் கிடையாது, எழுத்தோடயே கீழ சுழிச்சு ஒரு கொக்கி விழும், அதோட ணொ ணோ வகை ஆறும் சேத்து மொத்தம் 13 எழுத்து மாறுச்சு. என் கையில இருக்கற புக்குல "அலைகளைப் பார்"னு ஒரு பேச்சு பலூன்ல வருது, அந்த லையிலயும் ளையிலயும் துதிக்கை அழகா நிக்குது. ஆனா ஒண்ணு, எல்லாரும் ஆணை வந்த மறுநாளே மாத்திடல, அச்சு எழுத்தை வாங்கி வெச்சிருந்தவங்க கொஞ்ச வருஷம் பழசையே ஓட்டினாங்க, அதனால பழைய எழுத்து இருந்தா 78-க்கு முன்னாடின்னு சட்டுனு அடிச்சு சொல்லிடக் கூடாது. நம்ம கதையோட மறுபதிப்பு புது எழுத்துல வந்திருந்தா ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறதுக்கும் இதே தடயம் தான்.

ரெண்டாவது விளம்பரம். கதை பாக்கறவங்க விளம்பரத்தைப் பாக்க மாட்டாங்க, ஆனா தேதி ஒளிஞ்சிருக்கறது அங்கதான். இதுல தபால்ல வரவழைக்கற ஒரு மேஜிக் பெட்டி விளம்பரம் இருக்கு, முகவரியில ஆறு இலக்க பின்கோடு. பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அப்ப புக்கு அதுக்குப் பிந்தினது, இது உறுதி. சும்மா "சென்னை-17"னு மட்டும் இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது, அந்த ரெண்டு இலக்கப் பழக்கம் அப்புறமும் ஓடிட்டு தான் இருந்துச்சு. இதைவிடப் பழைய புக்கு தேடறவங்க விலையைப் பாருங்க, "ந.பை."ன்னு நயா பைசால போட்டிருந்தா 1957-ல இருந்து 1964-க்குள்ள அச்சடிச்சதுன்னு கிட்டத்தட்ட கண்ணை மூடிட்டுச் சொல்லிடலாம்.

அப்ப என் புக்கு 1972-க்கு அப்புறம், நாங்க படிச்ச காலத்தை வெச்சுப் பாத்தா எப்படியும் 80களோட தொடக்கத்துக்குள்ள. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல தான் தொடங்குச்சு, அதனால அது ரெண்டும் கழிஞ்சுது. முத்து காமிக்ஸ் 1972-ல இரும்புக்கை மாயாவியோட வந்துடுச்சு, அது பொருந்துது, ஆனா அந்தப் பத்து வருஷத்துல வேற சின்னச் சின்ன பதிப்பும் இருந்துச்சு, இதுதான்னு சொல்ல எனக்கு உள்ள ஒரு வரி கூட கிடைக்கல, அதனால சொல்லல.

மூணாவது, எத்தனை பக்கம்னு கண்டுபிடிக்கறது. நடுவுல பின் அடிச்ச புக்குல பின் தெரியற இடத்துல எந்த ரெண்டு பக்கம் எதிரெதிரா இருக்குன்னு பாருங்க. எனக்கு 32-ம் 33-ம். அப்ப மொத்தம் 64. அதுல ஒரே தாள்ல வர்ற பக்கங்களை எதிரெதிரா கூட்டினா எப்பவும் 65 வரும், 1-ம் 64-ம், 2-ம் 63-ம் அப்படி. என்கிட்ட 17, 18 இல்லன்னு பாத்தேன், உடனே 47, 48-ஐத் தேடினேன், அதுவும் இல்ல, ஏன்னா நாலும் ஒரே தாள். முதல் பக்கம் போனா கடைசிப் பக்கமும் போயிடும். ஆக 16 தாள்ல 14 தாள் கையில இருக்கு, ரெண்டு தாள் காணோம்.

இனி பழுது பாத்தது. புக்கைத் தட்டினப்போ ரெண்டு ராமபாணப் பூச்சி ஓடுச்சு, அதனால மொதல் வேலை ஃப்ரீசர். பாலிதீன் கவர்ல போட்டு காத்தை அமுக்கி வெளியேத்தி டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரில ரெண்டு வாரம் வெச்சேன். வெளிய எடுத்த உடனே கவரைப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே வெச்சு அறைச் சூட்டுக்கு வந்ததும்தான் பிரிக்கணும், இல்லன்னா குளிர்ந்த தாள்மேல ஈரம் பூத்துடும். அடுத்தது மென்மையான பிரஷ்ஷால தூசி தட்டறது, எப்பவும் முதுகுல இருந்து ஓரத்தைப் பாத்து. அழுக்கு ஓரத்துக்கு வெள்ளை ரப்பரைத் துருவி அந்தத் தூளை விரலால லேசா உருட்டினேன், நேரா ரப்பரை வெச்சுத் தேய்ச்சா இந்தத் தாள் தாங்காது. நியூஸ்பிரிண்ட் மரத்தை அப்படியே அரைச்ச கூழ்ல செய்யறது, அதுல லிக்னின் அப்படியே தங்கிடும், வெளிச்சமும் காத்தும் பட்டா மஞ்சளாகும், அமிலம் ஊறி நார் துண்டு துண்டா உடையும். நம்ம காமிக்ஸ் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கறதுக்குக் காரணம் வயசு மட்டும் இல்ல, பொறப்புலயே இருந்த தாளோட குணம்.

பின்னைக் கழட்ட ரிமூவர் போடாதீங்க, தாளோட சேத்துப் பிச்சிடும். நடுப்பக்கத்தைத் திறந்து மடங்கின ரெண்டு காலையும் மெல்லிசான கத்தி முனையால நிமிர்த்தி, பின்பக்கமா இழுத்தேன். ஒரு பின் துருவுல ரெண்டா முறிஞ்சுது, பாதி தாள்லயே ஒட்டிகிச்சு, அதைக் கிளப்ப ஒரு சாயங்காலம் பூரா ஆச்சு. செல்லோ டேப்புக்கு ஹேர் டிரையரைக் கம்மி சூட்டுல காட்டி, பிளாஸ்டிக் தளர்ந்ததும் ஓரத்துல இருந்து மில்லிமீட்டர் கணக்குல உரிச்சேன். பிளாஸ்டிக் வந்துடும், பசை ஊறின மஞ்சள் கறை வராது. அது போகட்டும்னு விட்டுட்டேன், கறையை எடுக்கற கரைப்பான் எல்லாம் வீட்டுல கையாளற சமாசாரம் இல்ல.

நான் கெடுத்த இடம் பக்கம் 9. அதுல ஒரு வாடகை நூலகத்தோட ஊதா முத்திரை இருந்துச்சு, வட்டமா, நடுவுல வரிசை எண்ணு. ஈரம் பட்டா ஊதா மை கரையும்னு எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன், ஆனா முத்திரைக்கு ரெண்டு விரல்கடை தள்ளித்தானே ஒட்டறோம்னு சோதிக்காம பசையை வெச்சுட்டேன். ஈரம் தாளுக்குள்ளயே நடந்து போய் முத்திரையைத் தொட்டுச்சு. கண்ணு முன்னாடியே ஊதா பூ மாதிரி விரிஞ்சுது, உறிஞ்சு தாளை அமுக்கறதுக்குள்ள ஒரு பக்க எழுத்து போயிடுச்சு. அந்த புக்கு யாரு யாரு கைக்கு எல்லாம் போயிட்டு வந்துச்சுங்கறதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான், நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. பஞ்சுக்குச்சியை லேசா நனைச்சு மை ஓரத்துல ஒத்திப் பாத்திருந்தா பத்து செகண்டுல தெரிஞ்சிருக்கும். எந்த மையா இருந்தாலும் மொதல்ல ஒத்திப் பாருங்க, அப்புறம்தான் பசையைக் கலக்கவே ஆரம்பிக்கணும்.

பசை பத்தி ஒண்ணு. பைண்டிங்ல வழக்கமாப் போடறது மைதா பசை, பூச்சி வரக்கூடாதுன்னு அதுல மயில்துத்தம் கலப்பாங்க. தடிமனான நோட்டுக்கு அது பரவால்ல, ஆனா மயில்துத்தத்துல இருக்கற செம்பு தாள் மக்கறதை இன்னும் வேகப்படுத்தும், மைதால இருக்கற குளூட்டன் பூச்சிக்கு விருந்து. மாவைப் பிசைஞ்சு தண்ணிக்குள்ள கசக்கினா பாலா இறங்கறது ஸ்டார்ச், கையில ரப்பர் மாதிரி மிஞ்சறது குளூட்டன், நமக்கு வேண்டியது அந்தப் பால் மட்டும். நான் கோதுமை ஸ்டார்ச் பவுடராவே வாங்கிட்டேன், ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு தண்ணி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு சின்னத் தீயில அரை மணி நேரம் கையெடுக்காமக் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவெச்சு துணியில வடிகட்டினேன். இதோட பெரிய நன்மை, என்னிக்காவது நம்மளைவிட நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் இதைப் பிரிக்கணும்னா தண்ணியாலயே பிரிச்சிடலாம். ஃபெவிகால்ல ஒட்டினதை அப்படிப் பிரிக்க முடியாது.

கிழிசலுக்கு ஜப்பான் டிஷ்யூ, கோஸோன்னு ஒரு மரப்பட்டை நார்ல செய்யறது. கத்திரிக்கோலால வெட்டக்கூடாது, ஈரப் பிரஷ்ஷால ஒரு கோடு போட்டு கோட்டோட கிழிக்கணும், அப்ப ஓரத்துல நார் முடி முடியா நீட்டிட்டு நிக்கும், அந்த நார்தான் பழைய தாளோட போய்ப் பின்னிக்கும், வெட்டின ஓரம் கத்தி மாதிரி நின்னு அதே இடத்துல மறுபடி உடைக்கும். ஒரு துண்டு ஒட்டினதும் மேலயும் கீழயும் பட்டர் பேப்பர், அதுக்கு மேல உறிஞ்சு தாள், மேல கனமான அகராதி. அடுத்த பக்கம் மறுநாள்தான். முதுகு மடிப்புக்கு 14 தாளுக்கும் உள்பக்கம் ஒரு பட்டை ஒட்டினேன், ஒரு நாளைக்கு ஒரு தாள்னு ரெண்டு வாரம், அந்த ரெண்டு வாரமும் சாப்ட்ட உடனே எழுந்து மேஜைக்குத்தான் போவேன், அவ்வளவு நிம்மதியா நான் வேற எந்த வேலையும் பண்ணதில்ல.

சேமிக்கறதுக்கு பாலிஎஸ்டர் கவர் வாங்கியிருக்கேன். பிவிசி கவர் வேண்டாம், நாளாக நாளாக பிசுபிசுத்து அமிலம் கக்கும். புக்கு மேல நாப்தலின் உருண்டையும் நேராப் போட வேண்டாம். பக்க வாசனைக்குப் பெருசா ஒண்ணும் பண்ணல, மூடின டப்பால ஒரு கிண்ணம் சமையல் சோடாவைத் தனியா வெச்சு புக்கை ஒரு வாரம் உள்ள வெச்சேன், பூஞ்சை வாடை போச்சு, பழைய தாள் வாசனை அப்படியே நிக்குது.

இப்ப கடைசி வேலை, தையல். புது பின் அடிக்கல, பழைய பின்னோட நாலு ஓட்டை வழியாவே லினன் நூலைக் கோத்தேன், புதுசா ஒரு ஓட்டையும் போடல. காணாமப் போன ரெண்டு தாளுக்கு அதே அளவுல அமிலமில்லாத வெள்ளைத் தாள் வெட்டி அந்தந்த இடத்துலயே வெச்சு சேத்துத் தைச்சிருக்கேன், பென்சில்ல மூலையில 1, 2, 17, 18, 47, 48, 63, 64-னு எழுதி. முடிவு அந்தக் கடைசித் தாள்ல தான் இருந்திருக்கணும். அக்கா சொல்றா கோட்டை இடிஞ்சு விழும், அந்தப் பக்கத்துக்கு பச்சை பத்தாம பாதியில நிறுத்தினேன்னு. எனக்கு மீன் வாயை மூடறது தான் ஞாபகம். நீல விஷயத்துல அவ சொன்னதே சரியாப் போச்சு, ஆனாலும் அந்த வாய் மூடறதை நான் இன்னும் விடத் தயாரா இல்ல.

யாருகிட்டயாவது 64 பக்கத்துல, பக்கம் 23-ல மீன் மூஞ்சிக் கதவு, மேல மூணு பல்லு கீழ ரெண்டு, பதினொரு குமிழியோட ஒரு புக்கு இருந்தா அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக் குடுங்க, புக்கு எனக்கு வேண்டாம், அட்டை இருந்தா அதுல போட்டிருக்கற பேரை மட்டும் படிச்சுச் சொல்லுங்க. அதுக்காகத்தான் நூலை நறுக்காம, நடுப்பக்கத்துல ஒரு உருவு முடிச்சு போட்டு விட்டிருக்கேன்.